இலைக்கு வந்த புது மந்திரம்

வேப்பிலைக்கு நம் நாட்டில் எத்தனையோ உத்தியோகங்கள் உண்டு. அம்மை கண்ட வீட்டு வாசலில் செருகுவது அது. பேயோட்டுகின்றவன் கையில் ஆயுதம் அது. இப்போது அதற்குப் புதிதாக ஓர் உத்தியோகம் கிடைத்திருக்கின்றது. இலைச்சாற்றைப் புட்டியில் அடைத்து, "ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும், வீக்கத்தைப் போக்கும், விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது" என்று அச்சடித்து விற்கின்றார்கள். உடனே பண்டிதர்களும் கிளம்பி, "பார்த்தீர்களா, இதை அறிந்துதான் நம் முன்னோர்கள் மாரியம்மனுக்கு வேப்பிலை சாத்தினார்கள்" என்கின்றார்கள்.

அப்படியானால் ஒன்று கேட்கின்றோம். தலைமுறை தலைமுறையாக வேப்பிலை செருகியும், கூழ் ஊற்றியும் பெரியம்மை ஏன் போகவில்லை? இந்தியாவில் அதன் கடைசி நோயாளி கண்டது 1975-ல். 1980-ல் உலகத்திலேயே அது ஒழிந்துவிட்டதென்று அறிவித்தார்கள். ஒழித்தது அம்மைப்பாலா, ஆத்தாளா?

நிற்க, விஞ்ஞானம் ஒப்புக்கொண்டது என்ன என்பதையும் பார்ப்போம். நாம் இழுக்கும் பிராணவாயு உடலுக்குள் வேலை செய்யும்போதே சில முரட்டுத் துணுக்குகள் உண்டாகி, பக்கத்திலிருக்கும் கொழுப்பையும் புரதத்தையும் கெடுக்கின்றன. அவற்றை அடக்கும் சத்து இலைகளில் இருக்கின்றது. இதைச் சோதிக்க, டி.பி.பி.எச். என்னும் ஊதா நிறச் சரக்கில் சாற்றை விடுகின்றார்கள். ஊதா மறைந்து மஞ்சளானால் சாறு தேறிவிட்டது. வேப்பிலையும் துளசியும் முருங்கையும் தேறுவது வாஸ்தவந்தான். ஆனால் நம் டீக்கடைத் தண்ணீரும் அதே பரீட்சையில் தேறுகின்றது! டீக்கு யாரும் கோயில் கட்டக் காணோம்.

வீக்கத்திற்கு எலி. கடற்பாசியிலிருந்து எடுத்த காரஜீனன் என்னும் பொருளை எலியின் பாதத்தில் ஊசி குத்தினால் சில மணி நேரத்தில் வீங்கும். மருந்து கொடுத்த எலிக்கு வீக்கம் குறைந்தால் குணமுண்டு என்பார்கள். வேம்பின் நிம்பிடின் அவ்விதம் தேறியதுதான். 1942-ல் அதை வேப்பெண்ணெயிலிருந்து பிரித்தவர் சலீமுஸ்ஸமான் சித்திகி என்னும் இரசாயன நிபுணர். அவர் மாரியம்மனிடம் உத்தரவு கேட்டுப் பிரிக்கவில்லை. அந்த எண்ணெயையே குழந்தைகளுக்குப் புகட்டியதால் வாந்தியும் வலிப்பும் கண்டதை மலேசிய மருத்துவர்கள் 1981-ல் எழுதினார்கள். இயற்கைச் சரக்கு கெடுதல் செய்யாது என்பவர்கள் இதற்கென்ன சொல்லுவார்கள்?

கண்ணாடிக் குழாயும் எலியும் மனிதனாகிவிடா. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். கீரையிலும் காரட்டிலும் உள்ள பீட்டா கரோட்டின், இந்த ஆக்ஸிஜனேற்றத் தடுப்புச் சத்துதான், நுரையீரல் புற்றைக் குறைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-ல் கணக்குப் பார்த்தால் மாத்திரை தின்றவர்களுக்குப் புற்று 18 சதவிகிதம் அதிகம்! தாங்கள் நினைத்தது பொய்த்தது என்று அவர்களே அச்சடித்து வெளியிட்டார்கள். பரிகாரம் பலிக்கவில்லையென்று எந்தப் புரோகிதனாவது வெளியிட்டதுண்டா?

நம்மூர் சங்கதிக்கு வருவோம். கீழாநெல்லியை இங்கே சென்னையிலேயே முறையாகச் சோதித்தார்கள். 'பி' வகைக் கல்லீரல் கிருமியைச் சுமந்தவர்களில் 37 பேருக்கு மருந்தும், 23 பேருக்கு மருந்தில்லாத போலியும் கொடுத்ததில், மருந்துண்டவர்களில் 22 பேருக்கும், மற்றவர்களில் ஒருவருக்கும் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாக 1988-ல் லான்செட் பத்திரிகை வெளியிட்டது. நமக்கும் அது சந்தோஷமாய்த்தான் இருந்தது. ஆனால் நியூசிலாந்தில் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. சென்னைக்காரர் செய்ததென்பதற்காக ஒன்றை மெய்யென்று சாதிக்க நாம் தயாரில்லை.

கிராமத்தில் நடப்பதென்ன? கண் மஞ்சளானால் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்து, உப்பில்லாப் பத்தியத்தில் போடுகின்றார்கள். தண்ணீரால் பரவும் மஞ்சள் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். பேர் மட்டும் இலைக்கு. பித்தக் குழாயில் கல் அடைத்தவனும் கட்டி வளர்ந்தவனும் அதே மோரைக் குடித்துக்கொண்டு, கத்தி வைக்கவேண்டிய நாளைக் கடத்திவிடுகின்றான். ஆகையால், தோழர்களே, கண் மஞ்சளானவரை முதலில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் இரத்தம் பாருங்கள். மோரில் எதை அரைப்பது என்பதைத் திரும்பி வந்து பேசிக்கொள்ளலாம்.