தவிட்டுக்கு வாங்கின பிள்ளை

காலை எட்டரை மணி. அம்மா வேலைக்குக் கிளம்ப வேண்டும். மூன்று வயதுக் குழந்தை புடவையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறது. பாட்டி உதவிக்கு வருகிறார். "வாடா கண்ணா, மாடியில காக்கா வந்திருக்கு, பார்க்கலாம்." குழந்தை மாடிக்குப் போகிறது. அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறார். அழுகை இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. காரியம் கச்சிதமாக முடிந்தது!

உண்மையில் முடிந்ததா? சில நாட்களில் அந்தக் குழந்தை அம்மா குளிக்கப் போனால்கூட கதவைத் தட்டுகிறது. ராத்திரி தூக்கத்தில் எழுந்து அம்மா இருக்கிறாரா என்று தடவிப் பார்க்கிறது. "ரொம்ப ஒட்டிக்கிறான், செல்லம் கொடுத்துக் கெடுத்தாச்சு" என்று வீட்டில் எல்லோரும் சலித்துக்கொள்கிறார்கள். குழந்தையின் கணக்கு வேறு. கொஞ்ச நேரம் கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போய்விடுகிறார். எனவே கண்ணை எடுக்கக் கூடாது. மூன்று வயதுக்கு இது சரியான தர்க்கம்தானே?

குழந்தைகளின் மன வளர்ச்சி பற்றிப் பேசும்போது கதை சொல்லுங்கள், கட்டிப்பிடியுங்கள், பாராட்டுங்கள் என்று நிறைய அறிவுரைகள் கிடைக்கின்றன. எல்லாம் நல்லவைதான். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒன்று இருக்கிறது. அது, குழந்தையிடம் பொய் சொல்லாமல் இருப்பது. நம் வீடுகளில் அதிகம் மீறப்படுவதும் இதுதான். பெரியவர்களிடம் சொல்லக் கூசும் பொய்களைக் குழந்தையிடம் ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்கிறோம். அதைப் பொய் என்றே யாரும் நினைப்பதில்லை.

சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி வருவான். அடம் பிடித்தால் டாக்டர் ஊசி போடுவார். சத்தம் போட்டால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். இதில் டாக்டரும் போலீஸும் பாவம், அவர்களுக்கே தெரியாமல் பூச்சாண்டி வேலை பார்க்கிறார்கள். ஆனால் விளைவு வேடிக்கையானது இல்லை. திருவிழாக் கூட்டத்திலோ தீபாவளி நேரத்து தி.நகரிலோ ஒரு குழந்தை கை நழுவிப் போனால், அது ஓடிப்போய் நிற்க வேண்டியது காக்கிச்சட்டைக்காரரிடம். மூன்று வருடமாக "பிடிச்சுட்டுப் போயிடுவார்" என்று கேட்டு வளர்ந்த குழந்தை அவரைப் பார்த்ததும் என்ன செய்யும்? ஓடி ஒளிந்துகொள்ளும்.

ஊசி விஷயமும் அப்படித்தான். "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போவார்கள். வலிக்கும். அடுத்த முறை ஆஸ்பத்திரி இருக்கும் தெரு திரும்பும்போதே அலறல் ஆரம்பித்துவிடும். "கொஞ்சம் வலிக்கும், எறும்பு கடிச்ச மாதிரி, பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சுடும், நான் கையைப் பிடிச்சுக்கிறேன்" என்று சொன்னாலும் குழந்தை அழத்தான் செய்யும். ஆனால் அது ஊசிக்கான அழுகை. அப்பா ஏமாற்றிவிட்டார் என்ற அழுகை அதில் கலந்திருக்காது.

பொய் சொல்லிக் குழந்தையை வழிக்குக் கொண்டுவருவது நம் ஊரில் மட்டும் நடப்பது இல்லை. கெய்ல் ஹேமன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், குழந்தையைப் பணிய வைக்கப் பொய் சொல்வதாக அமெரிக்கப் பெற்றோரில் 84 சதவீதம் பேரும் சீனப் பெற்றோரில் 98 சதவீதம் பேரும் ஒப்புக்கொண்டார்கள். பல பேர் சொன்ன பொய் எது தெரியுமா? "வரலைன்னா நீ இங்கேயே கிட, நான் போறேன்." நம் பஸ் ஸ்டாண்டுகளிலும் துணிக்கடைகளிலும் கேட்காத வசனமா இது!

அதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். மார்ஷ்மெல்லோ சோதனையைப் பற்றிப் பலரும் படித்திருப்பார்கள். ஒரு மிட்டாயை முன்னால் வைத்து, சாப்பிடாமல் காத்திருந்தால் இன்னொன்று தருவோம் என்று குழந்தையிடம் சொல்வது. 1960-களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் தொடங்கியது. காத்திருக்கும் பிள்ளை பிற்காலத்தில் பெரிய ஆளாக வரும் என்று அதை வைத்து நிறைய எழுதினார்கள். குடும்பச் சூழலையும் கணக்கில் எடுத்தால் அந்தத் தொடர்பு மிகவும் சுருங்கிவிடுகிறது என்று 2018-ல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. அது கிடக்கட்டும். பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது 2013-ல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் செய்த மாற்றத்தை.

அவர்கள் மிட்டாயை எடுப்பதற்கு முன்பே குழந்தைகளுக்கு ஒரு வாக்குறுதி கொடுத்தார்கள். "இந்தப் பழைய கிரேயான் வேண்டாம், கொஞ்சம் பொறு, நல்லதா கொண்டு வர்றேன்." 14 குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டு வந்தார்கள். மற்ற 14 பேரிடம் வெறுங்கையோடு வந்து "இல்லையே, மன்னிச்சுக்கோ" என்றார்கள். ஸ்டிக்கர் விஷயத்திலும் அதேபோல. அதன் பிறகுதான் மிட்டாய் சோதனை. வாக்கு காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தன. ஏமாந்த குழந்தைகள் மூன்றே நிமிடம்! முதல் பிரிவில் 9 பேர் முழுப் பதினைந்து நிமிடமும் பொறுத்தார்கள். இரண்டாவது பிரிவில் ஒரே ஒரு குழந்தை. இத்தனைக்கும் அந்த ஆள் அவர்களுக்கு யாரோ ஒருவர், ஏமாற்றியதும் இரண்டே தடவை. சின்ன சோதனைதான். ஆனாலும் "என் பிள்ளைக்குப் பொறுமையே இல்லை" என்று குறைப்படுகிற வீட்டில், "நாளைக்கு வாங்கித் தர்றேன்" என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு இருக்கிறது என்று ஒரு முறை பார்ப்பது நல்லது.

அடுத்த வருடம் சான் டியேகோவில் செய்த ஒரு சோதனையில், பெரியவர் தன்னிடம் பொய் சொன்னதைத் தெரிந்துகொண்ட ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகள், மற்றவர்களைவிட அதிகமாக விளையாட்டில் ஏமாற்றினார்கள், அதை மறைக்கவும் செய்தார்கள்.

இதற்காக நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டக் கூடாது, பேசும் நரிக் கதை சொல்லக் கூடாது என்று யாரும் பயப்பட வேண்டாம். கதை என்று தெரிந்தேதான் குழந்தை அதற்குள் வருகிறது. தலைப்பில் இருக்கும் அந்தப் பழைய கிண்டல் வேறு வகை. "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்டா" என்று மாமாவும் சித்தப்பாவும் சொல்லும்போது கூடம் முழுக்கச் சிரிக்கும், குழந்தையும் கூடச் சேர்ந்து சிரிக்கும். அதுவும் வீட்டில் தம்பிப் பாப்பா வந்திருக்கும் நேரமாக இருந்தால், ராத்திரி படுக்கையில் "அம்மா, நிஜமாவா?" என்று கேட்கும். கேட்கிற குழந்தைக்காவது பதில் கிடைத்துவிடும். கேட்காமல் மனதில் வைத்துக்கொள்ளும் குழந்தையை நினைத்தால்தான் சங்கடம்.

"நாங்களும் இப்படித்தான் வளர்த்தோம், யார் கெட்டுப் போனாங்க?" என்பார்கள் பெரியவர்கள். கெட்டுப் போகவில்லைதான். அன்று கூட்டுக் குடும்பத்தில் அம்மா போனாலும் அத்தை இருந்தார், பெரியம்மா இருந்தார், ஓட ஒரு மடி இருந்தது. இன்று பல வீடுகளில் இரண்டு பேர் மட்டுமே. அவர்கள் வார்த்தையும் பொய்யானால் குழந்தை யாரிடம் போகும்?

அம்மாக்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எட்டே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவருக்குப் பின்வாசல்தான் சுலபம். ஆனாலும் முன்வாசல் வழியாகவே போய்ப் பார்க்கலாம். "சாப்பிட்டு, தூங்கி எழுந்து, பால் குடிச்சதும் அம்மா வந்துடுவேன்" என்று குழந்தைக்குப் புரியும் கடிகாரத்தில் சொல்லிவிட்டு, கையாட்டிவிட்டுப் போகலாம். முதல் சில நாட்கள் பெரிதாக அழும். பாட்டியும் காக்காவைக் காட்டாமல் "அம்மா போனது கஷ்டமா இருக்கா? பால் குடிச்சதும் வந்துடுவாங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். ஆபீசில் நேரமாகிவிட்டால் ஒரு போன். அப்படியும் முடியாமல் போன நாளில், "இன்னைக்கு அம்மா சொன்ன நேரத்துக்கு வரலை, தப்புதான்" என்று குழந்தையிடமே சொல்லிவிடலாம்.