"கையே வைக்க வேண்டாம்" என்ற மூன்று சொற்கள்

பழைய பைக் விற்கும் உலகத்தில் ஓர் அழகான பொய் உண்டு. "செயின் வண்டின்னா எண்ணெய் போடணும், டைட் பண்ணணும், தேஞ்சா மாத்தணும். இது ஷாஃப்ட் வண்டி. கையே வைக்க வேண்டாம்." ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எண்பதுகளில் செய்த பிஎம்டபிள்யூ பைக்குகள் நாலாவது, ஐந்தாவது கைக்கு மாறும்போது இந்த வசனமும் சாவியோடு சேர்ந்து கைமாறுகிறது. வாங்கியவர் நம்புகிறார். கையே வைப்பதில்லை. ஒரு நாள் சிக்னலில் பச்சை விழுகிறது, கியர் போட்டு கிளட்ச்சை விடுகிறார், இன்ஜின் அலறுகிறது, பின்னாலிருந்து கரகரவென்று ஒரு சத்தம், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

வண்டி செத்ததற்கு வயசு காரணமில்லை. "கையே வைக்க வேண்டாம்" என்ற அந்த மூன்று சொற்கள்தான் காரணம்.

சரி, ஷாஃப்ட் என்றால் என்ன? லாரிக்கு அடியில் நீளமாக ஒரு தண்டு சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான். இன்ஜினிலிருந்து கிளட்ச், கியர்பாக்ஸ், அங்கிருந்து ஒரு தண்டு, தண்டின் முனையில் கிரவுன் பினியன், அதற்கப்புறம் பின் சக்கரம். பைக்கில் இது புதுசும் இல்லை. பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனம் 1905லேயே நாலு சிலிண்டர் பைக்கில் ஷாஃப்ட் வைத்து விற்றது. 1923ல் மாக்ஸ் ஃப்ரிட்ஸ் வடிவமைத்த ஆர்32தான் பிஎம்டபிள்யூவின் முதல் பைக். அதிலும் ஷாஃப்ட்தான். நூறு வருஷத்துக்கும் மேல் தாங்கிய யோசனை இது. எனவே யோசனையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது.

சிவப்புத் தூள்

ஷாஃப்ட் ஒரே கம்பியாக இன்ஜினிலிருந்து சக்கரம் வரை போவதில்லை. நடுவில் இணைப்புகள் உண்டு. அதில் முக்கியமானது ஸ்ப்ளைன். ஒரு தண்டின் வெளிப்பக்கம் நீளவாக்கில் பற்கள், அது நுழையும் குழாயின் உள்பக்கமும் அதே போலப் பற்கள். ஒன்றுக்குள் ஒன்று செருகிச் சேர்ந்து சுற்றும். சஸ்பென்ஷன் மேலும் கீழும் ஆடும்போது ஷாஃப்ட்டின் நீளம் லேசாக மாற வேண்டியிருக்கும். அப்போது இந்தப் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சூண்டு வழுக்கும்.

அந்தக் 'கொஞ்சூண்டு'தான் வில்லன். முழு சுமையும் பற்களை அழுத்திக்கொண்டிருக்க, கண்ணுக்கே தெரியாத அளவுக்கு உலோகமும் உலோகமும் உரசுகின்றன. கிரீஸ் காய்ந்துவிட்டால் உரசிய இடம் துருப்பிடிக்கிறது. அந்தத் துருவே அரப்பொடி மாதிரி வேலை செய்து இன்னும் அரைக்கிறது. ஃபைனல் டிரைவைக் கழற்றியதும் செங்கல் தூள் மாதிரி சிவப்பாக ஒரு பொடி கொட்டினால், அதுதான் உங்கள் ஸ்ப்ளைன். தூளாகப் போன பல் திரும்பி வராது.

1983ல் வந்த கே100, 1985ல் வந்த கே75 இரண்டுமே இந்த நோய்க்குப் பேர் போனவை. இன்ஜின் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். ஸ்ப்ளைனுக்கு அந்த யோகம் கிரீஸ் வைத்தால்தான்.

வசதி செய்த துரோகம்

ஹோண்டாவும் ஷாஃப்ட் வண்டி செய்தது. 1975ல் கோல்ட் விங், 1978ல் சிஎக்ஸ்500. அந்த வண்டிகளில் பின் டயர் மாற்ற வேண்டுமானால் ஆக்ஸிலை உருவி, சக்கரத்தைப் பக்கவாட்டில் நகர்த்தி, ஃபைனல் டிரைவின் பற்களிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு டயருக்கும் ஒரு முறை சக்கரத்துப் பற்கள் வெளிச்சத்துக்கு வந்தே தீரும். மெக்கானிக் சோம்பேறியாகவே இருந்தாலும் கண்ணில் படும். படும்போது ஒரு விரல் கிரீஸ் தடவிவிடுவார். (தடவாமல் மூடினால் ஹோண்டாவும் தேயும். அதுவும் நடந்திருக்கிறது.)

கே100ல் பின் சக்கரத்துக்கு ஒரு பக்கம் மட்டும்தான் கை. கார் சக்கரம் மாதிரி போல்ட்டுகளைக் கழற்றினால் சக்கரம் கையோடு வந்துவிடும். ஐந்து நிமிஷ வேலை. எவ்வளவு வசதி! ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில் ஒரு ஸ்ப்ளைன் பல்கூடக் கண்ணில் படாது. பத்து டயர் மாற்றினாலும் படாது. கிரீஸ் வைக்கச் சொல்லிப் புத்தகத்தில் எழுதியிருந்தாலும், கண்ணில் படாததை யார் திறப்பார்கள்?

1987ல் ஆர்100ஜிஎஸ்ஸில் வந்த பாராலீவர் இன்னும் ஒரு படி மேல். கியரைப் போட்டு முறுக்கினால் ஷாஃப்ட் வண்டியின் பின்புறம் எழும்பும். அதை அடக்க ஸ்விங் ஆர்மில் இன்னொரு மூட்டு வைத்து, ஷாஃப்ட்டிலும் இரண்டு யூ ஜாயின்ட் வைத்தார்கள். கெட்டிக்கார வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் 1955ல் வந்த ஸ்விங் ஆர்ம் மாடல்களிலிருந்து ஆயிலில் நனைந்தபடி சுற்றிக்கொண்டிருந்த ஷாஃப்ட், பாராலீவரில் உலர்ந்த குழாய்க்குள் வந்துவிட்டது. அந்த ஜாயின்ட்டுகளுக்கு கிரீஸ் நிப்பிள் கிடையாது. கழற்றி மாற்ற சர்க்கிளிப்பும் கிடையாது. விளிம்பை அடித்து நசுக்கி நிரந்தரமாகப் பூட்டிவிட்டார்கள்.

நெடுஞ்சாலையோரப் பட்டறையில் லாரியின் கிராஸ் எப்படி மாற்றப்படுகிறது? கிளிப்பைக் கழற்று, பழசைத் தட்டி எடு, புதுசைத் தட்டி ஏற்று, கிரீஸ் கன்னை நிப்பிளில் வைத்து நாலு அழுத்து அழுத்து. முடிந்தது. பத்து டன் இழுக்கும் லாரிக்கு இருக்கும் இந்தச் சலுகை ஆர்100ஜிஎஸ்ஸுக்கு இல்லை. உள்ளே சின்ன ஊசி பேரிங் ஒன்று செத்தாலும் ஷாஃப்ட் முழுசையும் வாங்க வேண்டும்.

கதை அதோடு நிற்கவில்லை. 2004ல் வந்த ஆர்1200ஜிஎஸ்ஸின் ஃபைனல் டிரைவுக்குள் ஊற்றிய ஆயில் 'ஆயுசு முழுக்க' என்றார்கள். ஆரம்ப வண்டிகளில் வடிக்க ஒரு டிரெயின் பிளக்கூட அடியில் வைக்கவில்லை. பிறகு அதே நிறுவனம் ஆயில் மாற்றச் சொன்னது. யாருடைய ஆயுசைச் சொன்னார்கள் என்பதுதான் கேள்வி. வண்டியின் ஆயுசா, உத்தரவாதத்தின் ஆயுசா? :)

கணக்குப் பாடம்

பி.காம் முதல் வருஷப் பையனுக்குக்கூட இது புரியும். செயின் செலவு வருஷா வருஷம் லாப நட்டக் கணக்கில் கண்ணெதிரே வருகிறது. ஷாஃப்ட் செலவும் வருஷா வருஷம் நடக்கிறது, ஆனால் யாரும் எழுதுவதில்லை. தேய்மானத்துக்கு ஒதுக்கீடே செய்யாத இருப்புநிலைக் குறிப்பு எவ்வளவு அழகாக இருக்கும்! சொத்து அப்படியே முழு மதிப்பில் பளபளக்கும். கடைசியில் ஒரு நாள் மொத்த நட்டமும் ஒரே வரியில் வந்து விழும்.

விழுவது யார் தலையில்? புது வண்டியாக வாங்கியவர் அதற்குள் விற்றுவிட்டுப் போயிருப்பார். "பராமரிப்பே இல்லாத வண்டி" என்ற பெருமைக்காக அதிக விலை வாங்கிய கம்பெனியின் உத்தரவாதம் எப்போதோ முடிந்திருக்கும். மாட்டுவது மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய மூன்றாவது, நாலாவது ஆள். கையில் இருப்பதிலேயே குறைந்த காசு அவரிடம்தான். முதலாமவர் மிச்சம் பிடித்த கிரீஸ் காசை வட்டியும் முதலுமாக இவர் கட்டுகிறார்.

காசு மட்டுமென்றால்கூடப் போகட்டும். ஓடும் வேகத்தில் ஜாயின்ட் உடைந்து ஸ்விங் ஆர்முக்குள்ளேயே சுழன்று அடித்தால் அலுமினிய உறை பிளக்கலாம், சக்கரம் பூட்டிக்கொள்ளவும் செய்யலாம்.

வாங்குவதற்கு முன் பார்

இன்னொரு கொடுமை, பார்க்காமல் பாகம் மாற்றுவது. வண்டி நகரவில்லை என்றதும் "கிளட்ச் போச்சு" என்று கிளட்ச் வாங்கிப் போட்டு, அப்புறமும் நகராமல் விழிப்பவர்கள் உண்டு. எது போனது என்று கண்டுபிடிக்கப் பத்து பைசா செலவில்லை.

1. கிளட்ச் நழுவினால் இன்ஜின் வேகம் ஏறும், வண்டி மெதுவாகவாவது நகரும், கருகல் வாசனை வரும். ஸ்ப்ளைன் போனால் உலோகச் சத்தம், அப்புறம் சுத்தமாக ஒன்றுமில்லை.

2. இன்ஜினை அணைத்து, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் இன்ஜினின் எதிர்ப்பு கைக்குத் தெரியும். சக்கரம் சும்மா சுற்றினால் நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது.

3. எங்கே? கியர்பாக்ஸும் ஸ்விங் ஆர்மும் சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் உறையை ஒதுக்கி, உள்ளே தெரியும் ஜாயின்ட்டைப் பார்த்துக்கொண்டே சக்கரத்தைச் சுற்ற வேண்டும். சக்கரம் சுற்றியும் ஜாயின்ட் அசையவில்லை என்றால் கோளாறு அதற்குப் பின்னால்: பின் ஸ்ப்ளைன், இல்லையென்றால் ஃபைனல் டிரைவ். பாராலீவர் ஷாஃப்ட்டாக இருந்தால், அதன் நடுவில் அதிர்வு தாங்க ஒட்டிய ரப்பர் பிய்ந்திருக்கலாம். ஜாயின்ட்டும் சேர்ந்து சுற்றி இன்ஜின் மட்டும் அசையவில்லை என்றால் கோளாறு முன்னால்: கிளட்ச் ஸ்ப்ளைன் அல்லது கியர்பாக்ஸ்.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே தெரியும் அறிகுறிகளும் உண்டு. ஃபைனல் டிரைவ் ஆயில் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் சாதாரணத் தேய்மானம். செதில் செதிலாக இரும்பு இருந்தால் பேரிங்கோ பல்லோ போகிறது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது லொடக் என்றால் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். பின் ரிம்மில் ஆயில் கசிந்தால் சீலை மட்டும் மாற்றிவிட்டுப் போகாமல், சீல் ஏன் போனது என்று பேரிங்கையும் பார்ப்பது நல்லது. மெதுவாகத் தள்ளும்போது டிக் டிக் சத்தமும், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கால் வைக்கும் இடத்தில் அதிர்வும் இருந்தால் யூ ஜாயின்ட். கியரில் போட்டுச் சக்கரத்தை முன்னும் பின்னும் அசைக்கும்போது கொஞ்சம் விளையாட்டு எப்போதும் இருக்கும். டயரில் சாக்பீஸால் கோடு போட்டு அளந்து எழுதி வைத்து, ஆறு மாசம் கழித்து மறுபடி அளந்தால் அது வளர்கிறதா என்று தெரிந்துவிடும்.

வைத்தியம்

கே வரிசையில் பின் ஸ்ப்ளைனைப் பார்ப்பது மலையைப் புரட்டும் காரியமில்லை. சக்கரம், பிரேக் காலிப்பர், ஸ்பீடோ மீட்டர் சென்சார், ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட், பிறகு ஃபைனல் டிரைவைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள். ஒரு காலைப்பொழுது போதும். பல்லின் உச்சி தட்டையாக இருந்தால் பிழைத்தது. துடைத்து, மாலிப்டினம் டைசல்ஃபைடு அதிகம் கலந்த பேஸ்ட் தடவி மூடலாம். ஹோண்டா இதற்கென்றே 60 விழுக்காடு மாலி பேஸ்ட் விற்றது, பிறகு அதற்குப் பதிலாக எம்77 வந்தது. வீல் பேரிங் கிரீஸை அப்பினால் சுற்றும் வேகத்தில் சிதறி ஓடிவிடும்.

பல் ரம்பம் மாதிரி கூர்மையாகியிருந்தால் எந்த கிரீஸும் காப்பாற்றாது. புதுசு போட வேண்டும், அல்லது தேய்ந்த பகுதியைக் கடைந்தெடுத்துவிட்டுப் புது ஸ்ப்ளைனை வெல்டிங் செய்து தரும் கைகாரர்களிடம் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் புதுசு, எதிர்ப்பக்கம் ரம்பம் என்று போட்டால் ரம்பம் புதுசையும் தின்றுவிடும். ஜோடியாகப் பார்க்க வேண்டும்.

கிளட்ச் ஸ்ப்ளைனுக்கு கியர்பாக்ஸையே இறக்க வேண்டும், முழு நாள் வேலை. அங்கே பேஸ்ட் மிகக் கொஞ்சமாகத்தான். அள்ளி வைத்தால் கிளட்ச் டிஸ்க்கில் தெறித்து நழுவ ஆரம்பிக்கும். புது டிஸ்க் போட்டும் சீக்கிரமே மறுபடி தேய்ந்தால் கிரீஸைத் திட்டிப் பயனில்லை, இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே நேர்க்கோட்டில் உட்காரவில்லை என்று சந்தேகிக்க வேண்டும்.

பாராலீவர் ஷாஃப்ட்டின் நசுக்கிய ஜாயின்ட்டுகளை வெட்டியெடுத்து, சர்க்கிளிப் போட்டு மாற்றக்கூடிய ஜாயின்ட் பொருத்தித் தரும் பட்டறைகள் வெளிநாடுகளில் உண்டு. தனியார் பட்டறையால் முடிந்தது, கம்பெனியால் முடியாததா? எந்த ஷாஃப்ட்டைப் பிரித்தாலும், பிரிக்கும் முன் இரண்டு முனைக்கும் கோடு போட்டு வைப்பது முக்கியம். கோணத்தில் சுற்றும் யூ ஜாயின்ட் ஒரே சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். இரண்டாவது ஜாயின்ட் சரியான நிலையில் இருந்தால்தான் அதை ஈடுகட்டும். மாற்றிப் பூட்டினால் இரண்டும் சேர்ந்து உதறும்.

"ஆனாலும்..." என்பவர்களுக்கு

"எத்தனையோ வண்டி தொடாமலே ஓடுதே?" ஓடுகிறவைதான் ரோட்டில் இருக்கும். ஓடாதவை பாகம் பாகமாகப் பிரிந்து விற்றுப்போய்விட்டன. பிழைத்தவனை மட்டும் எண்ணினால் எந்த நோயும் சாதாரணம்தான்.

"அப்படின்னா செயினே மேலா?" அதுவும் இல்லை. மழையிலும் மண்ணிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகிறவருக்கு ஷாஃப்ட் வரம். செயின் கண்ணெதிரே தொங்கிக்கொண்டு, சத்தம் போட்டுத் தன் பசியைச் சொல்கிறது. ஷாஃப்ட்டுக்கும் பசி உண்டு, அது வாய் திறப்பதில்லை. வாய் பேசாத பிள்ளைக்குப் பசியே இல்லை என்று சொல்லும் வீடு எப்படிப்பட்ட வீடு?

ஆகவே பழைய ஷாஃப்ட் வண்டி வாங்கப் போகிறவர் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "கடைசியா எப்போ திறந்து பார்த்தீங்க?" தேதி சொன்னால் பேரம் பேசலாம். "இதுல கையே வைக்க வேண்டாங்க" என்று பதில் வந்தால், ஒரு ஷாஃப்ட்டின் விலையைக் கழித்துக்கொண்டு பேச்சைத் தொடங்குவதே நியாயம்.

டிஸ்கி: ரப்பர் உறையை ஒதுக்கிப் பார்ப்பதெல்லாம் இன்ஜின் அணைந்திருக்கும்போது மட்டும். ஸ்ப்ளைனுக்கு உதிரிபாகம் கிடைக்கும், விரலுக்குக் கிடைக்காது.