மேதை பிறப்பது எந்த வீட்டில்?

பள்ளி மாணவருக்கு அறிவியல் ஆராய்ச்சிப் போட்டி என்றவுடனே, "அது பிறவியிலேயே மூளை உள்ள பிள்ளைகளுக்கு, உனக்கேன்?" என்று உதட்டைப் பிதுக்கும் பெரியவர்கள் உண்டு. மூளையையும் குலச்சொத்தாகப் பத்திரம் பதிந்து வைத்திருப்பவர்கள் அவர்கள்! அவர்களுக்கு அமெரிக்க நாட்டிலிருந்தே ஒரு விடை தருவோம்.

1942இல் அங்கே வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் பொருளுதவியோடு, உயர்நிலைப் பள்ளி இறுதி வகுப்பினர்க்கென அறிவியல் திறன் தேடல் போட்டி தொடங்கிற்று. 1998இல் இன்டெல், 2017இல் ரீஜெனரான் எனப் புரவலர் மாறினர், போட்டி நிலைத்தது. மனப்பாடத்துக்கு அங்கே மதிப்பில்லை. மாணவன் தானே ஒரு வினா எழுப்பி, ஆய்ந்து, கண்டதை எழுதி அனுப்ப வேண்டும். இறுதிச் சுற்றில் நாற்பது பேர் நடுவர்முன் நிற்கின்றனர். முதற்பரிசு 2,50,000 டாலர்.

1950ஆம் ஆண்டு அப்போட்டியில் தேர்ந்தவருள் இருவர், நியூயார்க்கின் பிராங்க்ஸ் அறிவியல் உயர்நிலைப் பள்ளித் தோழர்களான ஷெல்டன் கிளாஷோவும் ஸ்டீவன் வைன்பெர்க்கும். 1979இல் அவ்விருவரும், பாகிஸ்தானைச் சேர்ந்த அப்துஸ் சலாமோடு, இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

கிளாஷோவின் தந்தை யார்? மாளிகைப் பிரபுவா? பரம்பரைப் பண்டிதரா? ருஷ்யப் பேரரசிலிருந்து குடியேறி, வீடுகளுக்குக் குழாய் பொருத்திப் பிழைத்த யூதர்! அந்தக் குழாய்த் தொழிலாளியின் மகனை உயர்த்தியது எந்தக் கோத்திரம்? எந்த நட்சத்திரம்? 1938இல் நிறுவப்பட்ட, கட்டணம் கேட்காத பொதுப்பள்ளி அது. நுழைவுத் தேர்வு வைத்தே சேர்த்தது என்பதை நாம் மறைக்கவில்லை, வாயில் குறுகியதுதான். ஆனால் வாயில் என்று ஒன்று இருந்தது. உள்ளே ஆய்வகம் இருந்தது. கேள்வி கேட்டால் சினக்காத தோழமை இருந்தது.

இன்று அப்போட்டிக்கு வரும் ஆய்வுகள் பல, பல்கலைக்கழக ஆய்வகங்களில் பேராசிரியர் துணையோடு உருவானவை. அந்த ஆய்வகக் கதவைத் தட்ட வழியற்ற பிள்ளை, போட்டி தொடங்குமுன்பே தோற்றுவிடுகிறான். அதற்கும் 'திறமை' என்றே பெயர்!

நம் பக்கம் நடப்பதோ கேலிக்கூத்து. பள்ளிக் கண்காட்சியில் சோடா உப்பும் வினிகரும் கலந்து பொங்கும் எரிமலை ஆண்டுதோறும் தவறாமல் வெடிக்கிறது. பொறியாளர் தந்தை செய்தார். மகன் பரிசு வாங்கினான். கூலித் தொழிலாளியின் மகள் தன் தெருக் கிணற்று நீர் ஏன் உவர்த்தது என்று கேட்டால், அதைச் சோதிக்கும் குப்பி அலமாரியில் கிடக்கிறது. அலமாரி செய்முறைத் தேர்வு நாளன்றுதான் திறக்கிறது.

1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு வேறு வழி காட்டிற்று. பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, ஊர்ச் சிக்கலை அளந்து, ஆய்ந்து, தாய்மொழியிலேயே சொல்ல இடம் தந்தது. ஆங்கிலம் வராத நா, அறிவு வராத நா அன்று என்பதை அங்கே வந்த பிள்ளைகள் மெய்ப்பித்தனர்.

தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள். ஆய்வக அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாக அது என்று திறந்தது என்று தலைமையாசிரியரிடம் பணிவோடு கேளுங்கள். விடை வரும்வரை வாயிலை விட்டு நகராதீர்கள்.