விலையும் மதிப்பும்

ஆட்டக்காரனை எதைக் கொண்டு அளப்பது? ஏலத்தொகையைக் கொண்டா, ஆடிய ஆட்டத்தைக் கொண்டா?

2025-ஆம் ஆண்டு ஐ.பி.எல். பருவத்தைப் பாருங்கள். லக்னோ அணி ரிஷப் பண்ட்டை 27 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அவர் எடுத்தவை 269 ஓட்டங்கள். கடைசி ஆட்டத்தில் அடித்த 118-ஐக் கழித்தால் எஞ்சுவது 151! சென்னையில் பிறந்த சாய் சுதர்சனைக் குஜராத் அணி எட்டரைக் கோடிக்குத் தக்கவைத்தது. அவர் குவித்ததோ 759. அப்பருவத்தில் அவரை விஞ்சியவர் எவருமில்லை.

பண்ட் அணித்தலைவர், விக்கெட் காப்பாளர். அந்த உழைப்பு ஓட்டக் கணக்கில் ஏறாது என்பர். உண்மையே. அதற்கும் தனிக் கணக்கு வேண்டும் என்பேன் நான். ஒரே அளவையை நம்பி முடிவு கூறுவதை எங்கள் ஆய்வுக்கூடம் ஏற்காது. ஆடுகளம் மட்டும் ஏற்கலாமா? ஏலம் தருவது நேற்றைய புகழுக்கு விலை. மதிப்பு, பருவம் முழுதும் எழுதிய ஏட்டில் இருக்கிறது.

அந்த ஏடே இல்லாத இடமும் உண்டு. நான் வளர்ந்த புரோத்ராபூரில் மாலைதோறும் மட்டை பிடிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு எழுதுவார் யார்? கணக்கில்லாத இடத்தில் காதில் விழும் பெயரே தேர்வு பெறும். குடியேறி வந்த எளியோர் வீட்டுப் பிள்ளைக்குப் பரிந்து பேச ஏடு ஒன்றே உண்டு. நம் சங்க ஆட்டங்களிலேனும் அதை இவ்வாண்டே தொடங்குவோம், தோழர்களே!