அச்சு அசல் என்றொரு பொய்

பழைய பந்தயக் கார்களைக் கணினியில் மீளுருவாக்கம் செய்வோரும், அவற்றைத் திரையில் ஓட்டி மகிழ்வோரும் ஓயாமல் உச்சரிக்கும் மந்திரம் ஒன்று உண்டு: அச்சு அசல். 1967-இல் ஜிம் கிளார்க் ஓட்டிய லோட்டஸ் 49 எப்படி இருந்ததோ அப்படியே இதோ உங்கள் மேசைமேல் என்கிறார்கள். இந்தச் சொல்லை நாங்கள் மறுக்கிறோம். இது வெறும் விளையாட்டு, இதில் என்ன வரலாறு என்று முகம் சுளிக்கும் இலக்கியவாதிகளோடு சேர்ந்துகொண்டு மறுக்கவில்லை. இக்கலையை வரலாற்றெழுத்தின் ஒரு வகையாகவே மதிப்பதால் மறுக்கிறோம். வரலாறு என்று உரிமை கொண்டாடினால், வரலாற்றுக்குரிய ஒழுக்கத்துக்கும் கட்டுப்படத்தான் வேண்டும்.

இத்துறையின் செவ்வியல் ஆக்கம் எதுவென்று கேட்டால் பெரும்பாலோர் சுட்டுவது ‘கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ்’. டேவிட் கேமரின் தலைமையில் பாப்பிரஸ் நிறுவனம் உருவாக்கி, 1998-இல் சியரா வெளியிட்ட ஓட்டப் பாவனை அது. 1967-இன் ஃபார்முலா ஒன் பருவத்தை அது எடுத்துக்கொண்டது. தேர்வு நுட்பமானது. 1966-இல் எஞ்சின் அளவு ஒன்றரை லிட்டரிலிருந்து மூன்று லிட்டராக உயர்த்தப்பட்டிருந்தது. காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகளோ 1968-இல்தான் வந்தன. இடைப்பட்ட அந்தக் காலத்தில் ஏறத்தாழ 500 கிலோ எடையும் 400 குதிரைத்திறனும் கொண்ட கார் ஒன்றைச் சாலையில் பிடித்து நிறுத்தியவை நான்கு டயர்களும் ஒரு மனிதனின் இரு கைகளும் மட்டுமே. அந்த ஆக்கம் விற்பனையில் தோற்றது. ஆனால் அதன் ரசிகர்கள் 1965, 1966, 1969 பருவங்களின் கார்களையும் எண்ணற்ற தடங்களையும் தாமே செய்து சேர்த்து, கால் நூற்றாண்டு கடந்தும் அதை உயிரோடு வைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பின்மீது எங்களுக்குப் பெருமதிப்பு உண்டு. எங்கள் வழக்கு அந்த உழைப்பின்மீது ஒட்டப்படும் முத்திரையோடுதான்.

முதலில் டயர். அந்த நான்கு டயர்களைப் பொறுத்ததே எல்லாம் என்றால், அவற்றைப் பற்றி நம்மிடம் இருப்பது என்ன? காரின் சட்டகத்துக்கு வரைபடம் உண்டு. எஞ்சினுக்குத் திறன் அளவீடு உண்டு. டயர் எவ்வளவு பாரத்தில், எந்தக் கோணத்தில், எவ்வளவு பிடிப்புத் தரும் என்பதற்கு, இன்றைய மென்பொருள் கேட்கும் நுணுக்கத்தில் 1967-இன் தரவுகள் பொதுவெளியில் இல்லை. அன்றைய டயரைத் தேடியெடுத்து அளக்கலாமே என்றால், அரை நூற்றாண்டுக் காலத்தில் ரப்பர் இறுகிப்போய்விடும். வரலாற்றுப் பந்தயங்களில் பழைய கார்கள் இன்று அணிந்து ஓடுபவையோ, பழைய தோற்றத்தில் வார்க்கப்பட்ட புதிய டயர்கள். டயரின் நடத்தையைக் கணிக்க ஹான்ஸ் பசேய்கா முதலியோர் 1980-களில் வகுத்த புகழ்பெற்ற சமன்பாடு பல ஓட்டப் பாவனைகளுக்கு அடித்தளமாக இருந்திருக்கிறது. ஆனால் அந்தச் சமன்பாடு தானாக எதையும் அறியாது. அளந்து பெற்ற எண்களை அதில் இட்டால்தான் அது பேசும். அளவீடு இல்லாத இடத்தில் இடப்படும் எண் ஊகமே. தேர்ந்த ஊகமாக இருக்கலாம், அழகான ஊகமாகவும் இருக்கலாம். அதை அசல் என்பது, சிதைந்த ஏட்டின் இடைவெளியில் தன் சொல்லை எழுதி நிரப்பிவிட்டுப் புலவர் பாடியது இதுவே என்று சாதிக்கும் பதிப்பாசிரியரின் செயலுக்கு ஒப்பானது.

இரண்டாவது, லேசர். எஞ்சியிருக்கும் காரையே லேசரால் அளந்துவிட்டோம், இனி ஐயமென்ன என்பார்கள். லேசர் அளப்பது அளக்கப்படும் நாளின் காரை. பந்தயக் கார் அருங்காட்சியகத்துக்காகச் செய்யப்பட்ட சிலை அன்று. ஒவ்வொரு பந்தயத்துக்கும் கழற்றி மாட்டப்பட்ட கருவி. 1967-இன் லோட்டஸ் 49-களில் சில, அடுத்த ஆண்டே 49பி என்னும் வடிவுக்கு மாற்றிக் கட்டப்பட்டன. விபத்துக்குப் பின் செப்பனிட்டவை, வேறு காரின் உறுப்பை ஏற்றவை, பிற்காலத்தில் புதுப்பிக்கப்பட்டவை என ஒவ்வொன்றும் பல கைகள் திருத்திய பிரதி. மில்லிமீட்டர் துல்லியத்தில் அளந்தாலும் அது பிற்காலப் பிரதியின் துல்லியமே. துல்லியம் வேறு, உண்மை வேறு.

மூன்றாவது, கடினம். கிராண்ட் பிரி லெஜண்ட்ஸை முதன்முதலில் ஓட்டியவர்கள் முதல் வளைவிலேயே சுழன்று வேலியில் மோதினார்கள். அதிலிருந்து விசித்திரமான ஒரு தர்க்கம் பிறந்தது: கடினமாக இருக்கிறது, ஆகவே உண்மையாக இருக்கிறது. உண்மை என்ன? 1967-இன் ஜெர்மன் கிராண்ட் பிரியில் நூர்பர்க்ரிங்கின் மலைத்தடத்தை 15 முறை சுற்ற வேண்டியிருந்தது. ஏறத்தாழ 340 கிலோமீட்டர். டென்னி ஹல்ம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி வென்றார். அந்தக் கார்கள் ஓட்டத்தக்கவையாகத்தான் இருந்தன. காரின் நழுவலை முதுகெலும்பும் தொடைகளும் அவருக்கு அறிவித்தன. மேசைமுன் அமர்ந்திருப்பவருக்குக் கண்ணும் காதும்தான் உண்டு. மிஞ்சினால் கைச்சக்கரத்தில் ஓர் அதிர்வு. அவர் படும் பாட்டில் எவ்வளவு காருடையது, எவ்வளவு அவருடைய நாற்காலியுடையது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

இதன் மறுபக்கம் நேரக் கணக்கு. அதே பந்தயத்துக்கான தகுதிச் சுற்றில் கிளார்க் எடுத்தது 8 நிமிடம் 4.1 நொடி. திரையில் அதை முந்தியவர்கள் பலர். எங்கள் நேரமும் கிளார்க்கின் நேரமும் நெருங்கி வருவதே கார் சரியாக அமைந்ததற்குச் சான்று என்று வாதிடுகிறார்கள். கிளார்க்குக்குக் கிடைத்த சுற்றுகளோ ஒரு வார இறுதியில் எண்ணிவிடத்தக்கவை. இவர்களுக்கு ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. 1966-இல் ஸ்பாவின் மழையில் தடம் விலகிய ஜாக்கி ஸ்டுவர்ட், நொறுங்கிய காருக்குள் பெட்ரோலில் நனைந்தபடி சிக்கிக் கிடந்தார். சக ஓட்டுநர்கள் கிரகாம் ஹில்லும் பாப் பாண்டுரன்ட்டும்தான், பார்வையாளர் ஒருவரிடம் திருகி வாங்கி வந்து அவரை மீட்டார்கள். திரையில் மோதியவருக்கு ஷிஃப்ட், ஆர் என்று இரண்டு விசைகளை அழுத்தினால் புதிய கார் வந்துவிடுகிறது. இவ்வளவு வேறுபட்ட இருவர் ஒரே நேரத்தில் சுற்றி வந்தால், அது காரின் உண்மையை நிறுவாது. எதிரெதிரான இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்திருக்கக்கூடும் என்பதையே அது காட்டும்.

புனைவே கூடாது என்பது எங்கள் வாதமன்று. அதே ஆக்கத்தில் கூப்பர் கார் ‘கவன்ட்ரி’ என்றும், ஹோண்டா ‘முரசாமா’ என்றும் வேறு பெயர் பூண்டு வந்தன. கடந்த காலத்தின் பெயர்களும் இன்று யாரோ ஒருவரின் உடைமை என்பதை அந்தப் பொய்ப்பெயர்களே அறிவித்துவிடுகின்றன. எங்களுக்கு அவை நேர்மையானவை. உறுத்துவது வேறொன்று. 1967-இன் பிரெஞ்சு கிராண்ட் பிரி லெ மான்ஸின் புகாட்டித் தடத்தில் நடந்தது. ஓட்டுநர்களுக்கு அந்தத் தடம் பிடிக்கவில்லை. பந்தயம் அங்கே திரும்பவும் இல்லை. கிராண்ட் பிரி லெஜண்ட்ஸின் பருவத்தில் அதன் இடத்தில் இருப்பது ருவான் தடம். அழகான தடம்தான். 1968-இல் ஜோ ஷ்லெசர் ஹோண்டாவோடு எரிந்து இறந்ததும் அங்கேதான். பந்தய வரலாறு அறிந்தவருக்கு இந்த மாற்றம் உடனே விளங்கும். அறியாதவர் ருவானையே 1967 என்று கற்றுக்கொள்வார். சுவை குன்றிய பாட்டை நீக்கிவிட்டு இனிய பாட்டைச் செருகுவது பதிப்பு ஆகாது.

பொழுதுபோக்குக்கு இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்பார்கள். சாட்சிகள் மறைந்துகொண்டிருக்கிறார்கள் என்பதுதான் பதில். பிரபம் 2014-இல் போனார், ஏமன் 2016-இல், சர்டீஸ் 2017-இல், கர்னி 2018-இல். இது அப்படி இருக்கவில்லை என்று சொல்லும் உரிமை படைத்த குரல்கள் ஒவ்வொன்றாக அடங்குகின்றன. அடுத்த தலைமுறை அந்தக் கார்களை அறியப்போவது பெரும்பாலும் இந்த மென்பொருள்களின் வழியாகவே. அப்போது ஊகம் ஆவணமாகிவிடும். அதைத் திருத்த ஆள் இருக்காது.

எங்கள் கோரிக்கை எளியது. ஒவ்வொரு மீளுருவாக்கத்தோடும் ஒரு பக்கக் குறிப்பு வேண்டும். இந்த எண் அளந்தது, இந்த எண் ஆவணத்திலிருந்து எடுத்தது, இது ஓட்டியவர் சொன்னது, இது நாங்கள் ஊகித்தது என்று நான்கு பத்திகள் போதும். ஊகம் என்ற பத்தி நீண்டிருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எதை இழந்தோம் என்பதை அந்த நீளமே சொல்லும். அந்தப் பக்கத்தை எழுதத் துணியாதவர் நல்லதொரு விளையாட்டைச் செய்திருக்கலாம். நாங்களும் மகிழ்ச்சியோடு ஓட்டிப் பார்ப்போம். அச்சு அசல் என்ற சொல்லை மட்டும் அவர் தம் பெட்டியின் மேலிருந்து எடுத்துவிடட்டும்.