பெயர் யார் பேரில்?

சகோதரிகளே, அடுத்த தடவை மல்லிகைப்பூ வாங்கும்போது எந்த ஊர்ப் பூ என்று பூக்காரியைக் கேட்டுப் பாருங்கள். "மதுரை மல்லிதாம்மா!" என்பாள். அது நிலக்கோட்டைத் தோட்டத்தில் பறித்த பூவாக இருக்கலாம். பொய் சொல்லிவிட்டாள் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். 2013-ல் 'மதுரை மல்லி'க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, சுற்றுப்புறத்துத் திண்டுக்கல் சீமைப் பூவும் அந்தப் பெயருக்குள் அடங்கிவிட்டது. பூ நிலக்கோட்டையுடையது, பெயர் மதுரையுடையது!

பூவின் மேல் முத்திரை குத்த முடியாது. ஊறுகாய்ப் புட்டியில் சீட்டு ஒட்டலாம் அல்லவா? நிலக்கோட்டையில் இருபத்தைந்து பெண்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து ஊறுகாய் போட்டு விற்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு வருஷம் பாடுபட்டு, "அந்தச் சங்கத்து ஊறுகாய் கொடுங்கள்" என்று ஜனங்கள் கேட்டு வாங்கும்படி செய்துவிட்டார்கள். மூன்றாம் வருஷம் அதே நிறச் சீட்டு, அதே மாதிரிப் பெயர், உள்ளே வேறு சரக்கு! பெயரைப் பதிவு செய்யாவிட்டாலும் வழக்குப் போடலாம். ஆனால் பெயர் நம்முடையதே என்று பழைய பில்லும் நோட்டீஸும் தேடி எடுத்து நிரூபிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். டிரேட் மார்க் பத்திரம் கையில் இருந்தால் பாதிச் சங்கடம் தீர்ந்தது.

'நிலக்கோட்டை ஊறுகாய்' என்றே பதிவு செய்துவிடலாமே என்பீர்கள். அது சுலபமல்ல. ஊர்ப் பெயரையும், சரக்கைப் பொதுவாக வர்ணிக்கும் சொல்லையும் ஒருவருக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுக்கச் சட்டம் சாதாரணமாகச் சம்மதிப்பதில்லை. பக்கத்து வீட்டு அம்மாளும் நிலக்கோட்டையில்தானே ஊறுகாய் போடுகிறாள்? ஊர்ப் பெயருக்கு வழி வேறு. திண்டுக்கல் பூட்டுக்கு அவ்வூர்ப் பூட்டுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் 2013-ல் மனுப் போட்டு, 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. அது அந்தச் சங்கத்தின் தனிச் சொத்து அல்ல. அந்த வட்டாரத்தில் முறைப்படி பூட்டுச் செய்கிறவர்களுக்கெல்லாம் பொது.

சங்கத்துக்கே சொந்தமாக வேண்டுமானால் புதுப் பெயராகப் பார்க்க வேண்டும். 'அமுல்' என்று வைத்தார்களே, அந்த மாதிரி. அந்தப் பெயர் யாருடையது தெரியுமோ? குஜராத் முழுவதும் பல பால் யூனியன்கள் அதை உபயோகித்தாலும், பாத்தியதை 1946-ல் ஏற்பட்ட கெய்ரா ஜில்லாக் கூட்டுறவு யூனியனுக்கே.

இங்கேதான் நம்மவர்கள் ஏமாந்து போகிறார்கள். "தலைவியம்மா பேரிலேயே எழுதிப் போட்டுவிடலாம், கட்டணமும் குறைவு" என்று யாராவது யோசனை சொல்வார். வேண்டவே வேண்டாம்! நாளைக்குத் தலைவியம்மாளுக்கும் சங்கத்துக்கும் மனஸ்தாபம் வந்தால் பெயர் அவரோடு போய்விடும். இருபத்தைந்து பேரும் காலிப் புட்டியோடு நிற்பார்கள். மனு சங்கத்தின் பெயரில், நிர்வாகக் குழுவின் தீர்மானத்தோடு போகட்டும். கட்டண விஷயமும் அப்படியொன்றும் பிரமாதமில்லை. இன்டர்நெட் மூலம் மனுச் செய்தால் ஒரு வகைச் சரக்குக்கு 9,000 ரூபாய். சிறுதொழில் என்று பதிவு பெற்றிருந்தால் 4,500 ரூபாய்தான். அங்கத்தினர்கள் தனித்தனியே தயாரித்து ஒரே குறியின் கீழ் விற்பதானால் 'கூட்டுக் குறி' என்று ஒன்று உண்டு. யார் உபயோகிக்கலாம், தரம் கெட்டால் என்ன தண்டனை என்ற விதிகளையும் மனுவோடு கொடுக்க வேண்டும்.

நம் பக்கத்து மனுக்களைக் கவனிப்பது சென்னை கிண்டி ஆபீஸ். குறியைத் தங்கள் பத்திரிகையில் வெளியிட்டு நாலு மாதம் காத்திருப்பார்கள். ஆட்சேபணை வராவிட்டால் பதிவு. பதிவாகும் முன்பே வட்டத்துக்குள் 'ஆர்' போட்டுக்கொள்வது குற்றம்.

பதிவு பத்து வருஷத்துக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். அதற்குள் எத்தனையோ காரியதரிசிகள் மாறியிருப்பார்கள். ஆகவே மனுவில் கொடுக்கும் விலாசமும் டெலிபோன் நம்பரும் சங்கத்தினுடையதாக இருக்கட்டும். காரியதரிசியம்மாளின் மாப்பிள்ளையுடையதாக வேண்டாம்.