மாட்டையும் நாயையும் எங்கே விடுவது?

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், ஆற்றங்கரை ஊர்களிலிருந்து சிகிச்சைக்கு வருவோரிடம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. வெள்ளம் வந்தால் மாட்டை எங்கே விடுவது, நாயை எங்கே விடுவது? கேட்பவர் தயங்கித் தயங்கித்தான் கேட்பார். அருகில் நிற்கும் மகனோ மகளோ, "டாக்டரிடம் போய் இதையா கேட்பது?" என்று கடிந்துகொள்வதும் உண்டு. மருத்துவரிடம் கேட்கத் தகுந்த கேள்விதான் இது என்பது எங்கள் உறுதியான கருத்து. இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு ஆகியவற்றை விசாரிக்கும் அதே அக்கறையோடு, வீட்டில் என்னென்ன உயிர்கள் வளர்கின்றன, வீடு ஆற்றிலிருந்தும் குளத்திலிருந்தும் எவ்வளவு தொலைவு என்பதையும் விசாரித்த பிறகே ஒரு நோயாளியை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று நாங்கள் கருதுகிறோம்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை நெல்லை, தூத்துக்குடி மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. ஓர் ஆண்டு முழுவதும் அங்கே பெய்யும் மழையைக் காட்டிலும் இது அதிகம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணி கரைமீறிப் பாய்ந்தது, குளங்கள் உடைந்தன, ஸ்ரீவைகுண்டம், ஏரல் வட்டாரத்து ஊர்கள் பல நாட்கள் துண்டுபட்டுக் கிடந்தன. அந்தப் பகுதியில் வீடு என்றால் நான்கு சுவரும் கூரையும் மட்டும் அல்ல. வாசலில் நாய், பின்புறம் தொழுவம், அதையொட்டி வைக்கோல் படப்பு, கோழிக்கூடு, கிணற்றடி, நாலு வாழை, ஒரு முருங்கை, இவை அனைத்தும் சேர்ந்ததே வீடு. மனிதர் மாடியேறித் தப்பிய இடங்களில்கூட ஆடுமாடுகளும் கோழிகளும் ஆயிரக்கணக்கில் மடிந்தன.

இத்தகைய நேரத்தில் வெளியேறச் சொல்லிப் படகு வந்து நின்றாலும் பலர் நகர மறுப்பதற்கு இதுவே காரணம். பிடிவாதம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது. 2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைக் கத்ரீனா புயல் தாக்கியபோது, நாயையும் பூனையையும் விட்டுவர மனமில்லாமல் வீட்டிலேயே தங்கிவிட்டோர் பலர். மீட்பு முகாம்களில் விலங்குகளுக்கு இடமில்லை. அடுத்த ஆண்டே, அதாவது 2006இல், பேரிடர் வெளியேற்றத் திட்டங்களில் வளர்ப்பு விலங்குகளையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. விலங்கைக் காக்க வழி இருந்தால்தான் அதன் உரிமையாளரையும் காக்க முடியும் என்பதை அவர்கள் பட்டு உணர்ந்தார்கள். நம் ஊர்களிலோ நிலை இன்னும் கடுமையானது. இங்கே கறவை மாடு பாசத்துக்குரிய உயிர் மட்டுமன்று. மருத்துவச் செலவுக்கும் அதுவே கைமுதல். டயாலிசிஸ் செய்துகொள்ள வாரம் இருமுறை பேருந்தேறி வருகிற ஒருவரின் பயணச் செலவு பால் விற்ற பணத்திலிருந்துதான் வருகிறது என்றால், "மாட்டை விட்டுவிட்டு வாருங்கள்" என்று அவரிடம் சொல்வது எவ்வளவு எளிதாக வாயில் வருகிறதோ அவ்வளவு பொருளற்றது.

இதனால்தான், நோயாளி வீடு திரும்பியதும் உற்றார் உறவினர் கூடி வழங்கும் இரண்டு அறிவுரைகளை நாங்கள் ஏற்பதில்லை. முதலாவது, "நாயைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடு, மாட்டை விற்றுவிடு" என்பது. இரண்டாவது, "தோட்டத்தை மொட்டையடித்துவிடு, கண்ணில் படுகிற பாம்பையெல்லாம் அடித்துவிடு" என்பது. இரண்டும் அன்பினால் பிறப்பவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், நோயினால் ஏற்கெனவே பலவற்றை இழந்து நிற்பவரிடம் எஞ்சியிருப்பதையும் பறிப்பதற்கு முன், ஆபத்து உண்மையில் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

ஆபத்து இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. வெள்ளத்துக்குப் பின் நாங்கள் முதலில் அஞ்சுவது லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சலை. எலியின் சிறுநீரில் இருக்கும் கிருமி தேங்கிய நீரிலும் சேற்றிலும் கலந்து, காலில் உள்ள சிராய்ப்பு வழியாகவோ நீரில் ஊறிய தோல் வழியாகவோ கண், வாய் வழியாகவோ உடலில் புகுகிறது. பெயர் எலிக்காய்ச்சல் என்றாலும், நாயும் மாடும் பன்றியும்கூட இக்கிருமியைச் சிறுநீரில் வெளியேற்றக் கூடும். நீரில் நடந்து பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள் காய்ச்சல், கடுந்தலைவலி, கெண்டைக்கால் தசையில் தாங்க முடியாத வலி, கண் சிவப்பு ஆகியவை தோன்றும். சிலருக்கு மஞ்சள் காமாலையும் சிறுநீரகச் செயலிழப்பும் தொடரும். தொடக்கத்திலேயே வந்தால் எளிய ஆன்டிபயாட்டிக் மருந்துகளால் குணப்படுத்தலாம். "மழையில் நனைந்த காய்ச்சல்" என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு ஒரு வாரம் காத்திருப்பதுதான் கேடு. காய்ச்சலோடு வருகிறவர் வெள்ள நீரில் இறங்கியதைத் தாமாகவே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வருமுன் காக்கும் மாத்திரையும் உண்டு. ஆனால் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அது பொருந்தாது; வேறு மருந்துகள் உட்கொள்வோர் கேட்டறிந்தே எடுக்க வேண்டும். மருந்துக்கடையில் தாமாக வாங்கி விழுங்கும் பொருள் அன்று அது.

நீரிழிவு உள்ளவர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பாதத்தில் உணர்ச்சி மங்கியவருக்குச் சேற்றுக்குள் கிடக்கும் ஆணியோ கண்ணாடித் துண்டோ குத்தியது தெரியாது. மெலியாய்டோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும், மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமி நீரிழிவாளரையே மிகுதியாகத் தேடிப் பிடிக்கிறது; நுரையீரலிலும் கல்லீரலிலும் சீழ்க்கட்டிகளை உண்டாக்குகிறது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்போர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர், ஸ்டீராய்டு மருந்து எடுப்போர் ஆகியோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இவர்கள் வெள்ளம் வடிந்த வீட்டைக் கழுவக் கூடாது. தொழுவத்துச் சாணத்தை அள்ளக் கூடாது. செத்த கோழியைத் தொடக் கூடாது. பிள்ளைகள் வெளியூரில் வேலையில் இருக்க, அம்மாவே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றை வாரத் தொடங்குகிற வீடுகள் எத்தனை! அவரைத் தடுக்க வேண்டுமானால், அந்த வேலையைச் செய்ய வேறொருவர் இருக்க வேண்டும். முழங்கால் உயர ரப்பர் காலணியும் கையுறையும் அணிந்து அந்த ஒருவர் செய்யட்டும்.

ஆக, விலக்க வேண்டியது தேங்கிய நீருடனும் கழிவுடனும் நோயாளிக்குள்ள தொடர்பை. நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும். எலிக்காய்ச்சலுக்கு எதிராகவும் நாய்களுக்குத் தடுப்பூசி உண்டு. மழைக்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிட்டால், வாசலில் படுத்திருக்கும் அந்த நாயைப் பற்றி இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. ஒன்றைமட்டும் மறக்க வேண்டாம். மிரண்ட விலங்கு வளர்த்தவரையும் கடிக்கும். வெள்ளத்தில் தூக்கிக் கரையேற்றும்போது நம் நாயே கடித்தாலும் கீறினாலும் 15 நிமிடம் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு காயத்தைக் கழுவிவிட்டு, அன்றே ஊசிக்குச் செல்ல வேண்டும். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் சிகிச்சையில் இருப்பவர் அதையும் அங்கே சொல்ல வேண்டும்.

இனி, தோட்டத்துக்கு வருவோம். வெள்ளம் வந்தால் எலிவளைகளும் கரையான் புற்றுகளும் நிரம்பி, அவற்றில் குடியிருந்த பாம்பு, தேள், பூரான் எல்லாம் மேடு தேடி வருகின்றன. மேடு என்பது பெரும்பாலும் நம் வீடுதான். அவை நம்மைத் தேடி வரவில்லை. நம்மைப் போலவே தப்பி வந்திருக்கின்றன. நம் ஊர்களில் பெரும்பாலான நச்சுக்கடிகளுக்குக் காரணமானவை நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நம் நாட்டு நச்சுமுறிவு மருந்து இந்த நான்கின் நஞ்சைக் கொண்டே தயாரிக்கப்படுகிறது. அதற்கான நஞ்சைத் திரட்டித் தருவதில் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் மக்கள் நடத்தும் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பாம்பு பிடிப்பதைப் பிறவித்தொழிலாகக் கொண்ட அம்மக்களின் கைத்திறனால் பிழைத்தோர் எத்தனையோ பேர் என்பதை இங்கே நன்றியோடு குறிப்பிட விரும்புகிறோம். சாரையும் தண்ணீர்ப் பாம்பும் நஞ்சற்றவை. சாரை எலியைத் தின்பது. எலி பெருகினால் எலிக்காய்ச்சலும் அதைத் தேடிவரும் நச்சுப்பாம்பும் பெருகும் என்பதால், சாரையையும் கீரியையும் கூகையையும் விரட்டிவிட்ட தோட்டம் நோயாளிக்குப் பாதுகாப்பான தோட்டம் ஆகாது என்றே சொல்வோம்.

அதற்காகப் பாம்போடு பழகச் சொல்லவில்லை. விறகையும் தென்னை மட்டையையும் வைக்கோலையும் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். எட்டத் தள்ளி வையுங்கள். கோழித்தீவனம் சிதறிய இடத்துக்கு எலி வரும். அதன் பின்னே பாம்பு வரும். கட்டுவிரியன் இரவில் உலவுவது. தரையில் பாய் விரித்து உறங்குவோரைக் கடிப்பது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இராது. விடிகாலையில் வயிற்றுவலியோடு எழுந்து, இமை தூக்க முடியாமல், பேச்சுக் குழறினால் பாம்புக்கடியாக இருக்கலாம் என்று வீட்டார் ஐயுற வேண்டும். மழைக்காலத்தில் நோயாளியைக் கட்டிலில், கொசுவலையை மெத்தைக்கடியில் செருகிப் படுக்க வைப்பது கொசுவுக்கு மட்டுமின்றி இதற்கும் காப்பு. கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை வைத்து நேரத்தைக் கழிப்பது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து 108ஐ அழையுங்கள். பாம்பை அடித்து எடுத்துவரத் தேவையில்லை. அந்த முயற்சியில் இரண்டாவது ஆள் கடிபடுவதுண்டு. கண்ணாடி விரியன் கடி சிறுநீரகத்தைத் தாக்கவல்லது. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்கள் வீட்டில் இதை எல்லோரும் அறிந்திருப்பது நலம். 2024இல் தமிழக அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய பாதிப்பாக அறிவித்தது. வெகுநாள் முன்பே வந்திருக்க வேண்டிய அறிவிப்பு.

மழை வலுக்கும் நாளில் செய்ய வேண்டியவற்றுள் முதலாவது, மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிடுவது. மாடு நீந்தும், கட்டுத்தறியில் கட்டிய மாடு நீந்த முடியாது. நள்ளிரவில் தொழுவத்துக்குள் இறங்கும் வேலை நோயாளியின் தலையில் விழாதபடி, மாலையிலேயே மேட்டுக்கு ஓட்டிவிடுவது அதனினும் நல்லது. அந்த மேடு எது, ஓட்டிச் செல்பவர் யார், நாயை வைத்துக்கொள்ளச் சம்மதிக்கும் உறவினர் யார் என்பவற்றை வெயில் அடிக்கும்போதே பேசி முடித்திருக்க வேண்டும். மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, இரண்டு வாரத்துக்கான மாத்திரை ஆகியவற்றோடு நாயின் தடுப்பூசி அட்டையையும் அதே பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்வோர், சாலை மூழ்கும் முன்பே நகரத்தில் தங்க இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். மாட்டுக்கு ஆள் ஏற்பாடாகியிருந்தால் அவர்கள் மனம் வந்து கிளம்புவார்கள். கால்நடைகளுக்கான அவசர ஊர்தியை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம்.

வீட்டார் செய்யக்கூடியது இவ்வளவே. எஞ்சியது ஊரின் பொறுப்பு. பள்ளிக்கூடத்தையும் கல்யாண மண்டபத்தையும் நிவாரண முகாமாகத் திறக்கிறார்கள். வாசலில் நாயோடு வருபவரைத் திருப்பி அனுப்புகிறார்கள். முகாமின் உள்ளே விலங்குகளை அடைக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அங்கே குழந்தைகளும் நோயாளிகளும் இருப்பார்கள். வளாகத்துக்கு வெளியே மேடான ஓரிடம், ஒரு தார்ப்பாய்ப் பந்தல், கொஞ்சம் வைக்கோல், குடிக்க நல்ல நீர், பார்த்துக்கொள்ள இரண்டு இளைஞர்கள், இவ்வளவு போதும். அக்டோபர் 2 அன்றும் நவம்பர் 1 அன்றும், மழை முழு வேகம் கொள்ளும் முன்பே, ஊராட்சிகளில் கிராமசபை கூடுகிறது. மேட்டுநிலம் எது என்று முடிவு செய்து தீர்மானமாக எழுதிவைக்க அதைவிட ஏற்ற நாள் இல்லை. நோயாளி வீட்டில் ஓய்வில் இருக்கட்டும். துணையிருப்பவர் போய், எழுந்து நின்று கேட்கலாம்.